லொக்கின் கழுத்துச் சிவப்பு

"ஒண்ணு, ரெண்டு, மூணு... யோ!"

நாற்பது கோப்பைகள் மோதிக்கொண்டன. பீரோடு ஐஸ் கட்டிகளும் துள்ளி மேஜையில் விழுந்தன.

கியென் குடிக்கவில்லை. உதடு வரை போன கோப்பை அப்படியே நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த லொக்கின் கழுத்தில் சிவப்பு.

கொசு கடித்த சிவப்பு அல்ல. பியென் ஹோவா நகரத்து வெயிலின் சிவப்பும் அல்ல. காதுக்குக் கீழே ஆரம்பித்து, சட்டைக் காலருக்குள் இறங்கும் திட்டுத் திட்டான சிவப்பு. இடது கன்னத்தில் இன்னொரு திட்டு.

"டேய் லொக், ரெண்டே கிளாஸ்ல தக்காளி ஆயிட்டியேடா! கல்யாணப் பொண்ணு தோத்தா போ!" பேக்கிங் பகுதிப் பெண் ஒருத்தி கத்த, பந்தலே சிரித்தது.

குடித்தால் முகம் சிவக்கிறவர்கள் அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பேர். லொக் அந்த ரகம் இல்லை. இந்த வருடத் தெத் புத்தாண்டு விருந்தில் பன்னிரண்டு கேன் காலி செய்துவிட்டு, வெளிறிய முகத்தோடு பாட்டுப் பாடியவன்.

இந்தத் திட்டுகளைக் கியென் முன்பே பார்த்திருக்கிறான். பழைய திரவம் இருந்த காலத்தில்.

வால்வுகளில் ஒட்டிய எண்ணெயை இரண்டே நிமிடத்தில் வழித்தெடுக்கும் திரவம் அது. அதன் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவன் பீர் குடித்தால், உடம்பு இப்படித்தான் பூக்கும். கழுவும் தொட்டியில் வேலை செய்தவர்களுக்கு அப்போது 'சிவப்பு அணி' என்றே பெயர். எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

அந்த அணியில் இருந்த பாவ் சாகும்வரை.

ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, முப்பத்தோரு வயதில் போய்ச் சேர்ந்தான். அந்தச் சிவப்பு வெறும் பீரின் வேலை இல்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

எட்டு மாதம் முன்னால் புதுத் திரவம் வந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி, வாசனையே இல்லாதது. மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் ஆளைக் கொல்லாது. இன்று மதிய விருந்தே அதற்காகத்தான். காலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து தொட்டியைப் பார்த்து, கைகொடுத்து, ஒரு கேடயமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தத் திரவத்தை நம்பித்தான் கியென் தன் மனைவி தோவாவை லொக் வேலை செய்யும் தொட்டிப் பகுதிக்கு மாற்றச் சொன்னான். பேக்கிங்கில் பெட்டி தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இப்போது அவளுக்கு ஆறு மாதம்.

திரும்பிப் பார்த்தான். பந்தலின் ஓரத்தில் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள் தோவா. முகத்தில் ஒரு திட்டும் இல்லை.

இருக்காது. அவள் பீரைத் தொடுவதே இல்லை. அவள் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது.

போன வாரம் படுக்கும்போது சொன்னாளே, தொட்டிப் பக்கம் போனாலே தொண்டையெல்லாம் இனிக்கிறது என்று. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எல்லாம் இனிக்கும் என்று இவன் சிரித்தானே.

பழைய திரவத்தின் வாசனை இனிப்பு. தோவாவுக்கு அது தெரியாது. இவனுக்குத் தெரியும்.

கேடயத்தை மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த மேனேஜரைக் கியென் பார்த்தான். பழசை ஊற்றி, பீப்பாய்க்குப் புது லேபிள் ஒட்டிவிட்டானா பாவி?

லொக்கின் கையைப் பற்றிப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"தொட்டியில என்னடா ஊத்துறீங்க? யாரு சொல்லிச் செய்றீங்க? அந்த ஆளா?"

"கத்தாதண்ணே. அவருக்கு ஒண்ணும் தெரியாது." லொக் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "தொட்டியில புதுசு மட்டும்தான். பின் ஷெட்டுல பழசு ரெண்டு பீப்பாய் இன்னும் எடுத்துட்டுப் போகாமக் கிடக்குல்ல? அதுல ஒரு வாளி கொண்டாந்து வச்சிருக்கேன். வால்வை அதுல ஒரு முக்கு முக்கிட்டுத் தொட்டியில போட்டா, பளபளன்னு வந்துருது. இன்னிக்குக் காலையில மட்டும் வாளியக் கழிப்பறையில ஒளிச்சு வச்சேன்."

"ஏன்டா?"

"புதுசுல ஒரே தடவையில கறை போறதில்லண்ணே. திரும்பக் கழுவணும். ஷிப்ட் முடிஞ்சும் ஒரு மணி நேரம் நிக்கணும். தோவா அக்கா காலைப் பாத்தியா நீ? எப்படி வீங்கியிருக்கு! அவங்களையா நிக்கவைக்கிறது?"

கியென் தோவா இருந்த பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நீ பயப்படாத. அக்கா கை அதுல படவே விட்டதில்ல. தூக்குறது, முக்குறது எல்லாம் நான்தான். அவங்கள அந்த வாளிப் பக்கத்துலயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சிருக்கேன். முக்கி எடுத்ததைத் துணியால துடைச்சுக் குடுத்தாப் போதும்."

"எத்தனை நாளா?"

லொக் சிரித்தான். உதவி செய்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் இருந்தவனின் கூச்சமான சிரிப்பு.

"அக்கா முழுகாம இருக்காங்கன்னு நீ வந்து சொன்னியே, அன்னிக்கே ஆரம்பிச்சிட்டேண்ணே."