தடையில்லாத் தாடி

இன்றும் அவன் தாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கல்லூரி கேட்டில் வழக்கமான வரிசை. வழக்கமான மேசை. மேசைமேல் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் ஒரு பிளாஸ்டிக் ரேசர்.

தண்ணீர் கிடையாது. சோப்பு கிடையாது. சவரம் செய்ய மறந்தவன் அங்கேயே நின்று, வரிசை முழுக்கப் பார்க்க, வறட்டு வறட்டென்று மழித்துக்கொண்டு உள்ளே போகலாம். அதற்காகவே சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே, 'ஒழுக்கம் விழுப்பம் தரும்' என்று எழுதாமல், 'சிரிக்கவும், நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று எழுதியிருக்கும்.

மேசைக்குப் பின்னால் குணசீலன் சார். வகுப்பில் மெக்கானிக்ஸ் நடத்துபவர். வாசலில் ஒழுங்கு நடத்துபவர். புறங்கையால் ஒவ்வொரு கன்னத்தையும் தடவுவார். சொரசொரத்தால் டம்ளரை நகர்த்துவார். பேச மாட்டார்.

அவன் முறை வந்தது.

புறங்கை வரவில்லை.

"போங்க தம்பி."

அவனுக்கு முன்னால் போனவனை எருமை என்று கூப்பிட்ட அதே வாய்.

அவன் போனான். முதுகு மட்டும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது.

எல்லாம் ஹாஸ்டல் டேயில் ஆரம்பித்தது. அவன் மேடையேறி, சார் மாதிரியே வார்டன் கன்னத்தைப் புறங்கையால் தடவி, டம்ளரை நகர்த்தினான். அவ்வளவுதான் நடிப்பு. அரங்கம் சிரித்து உருண்டது. குணசீலன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த செமஸ்டர் மெக்கானிக்ஸில் அவனுக்கு அரியர்.

"அடுத்த பேப்பரும் நான்தான் எடுக்கறேன்," என்றார் சார், தோளில் கை போட்டு. "லேபும் நான்தான். ப்ராஜெக்ட்டும் நான்தான் கண்ணு."

மறுநாளே மாற்றலுக்கு எழுதிப் போட்டான்.

ஊர்ப்பக்கத்து அரசுக் கல்லூரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவர்கள் சரி என்றார்கள். இங்கே முதல்வர் தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது புன்னகைத்தார். மிச்சம், சென்னையிலிருந்து வர வேண்டிய மாற்றல் ஆணை மட்டும்.

ஆணை மாணவனுக்கு வராது. கல்லூரிக்குத்தான் வரும். அவர்களாகப் பார்த்துச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து கல்லூரி இனிக்கத் தொடங்கியது.

மெஸ் அண்ணன் கேட்காமலே இரண்டாவது முட்டை வைத்தார். லேபில் ரெக்கார்டு நோட்டை யாரும் கேட்கவில்லை. பின்பெஞ்சில் தூங்கினான், யாரும் சாக்பீஸ் எறியவில்லை. வார்டன் ஒருநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இந்த வளாகத்தில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

தாடி மறதியில்தான் முளைத்தது. கேட்பாரில்லை என்றதும் விட்டுவிட்டான். பிறகு அதுவே கணக்காகிவிட்டது. தாடியைக் கேட்காதவரை அவன் போகிறவன். போகிறவனை எதற்கு மழிக்க வேண்டும்?

காலையில் எழுந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பான். வளர்ந்திருக்கும். ஊருக்குப் பாதி வழி வந்துவிட்டது போல இருக்கும்.

அறைத்தோழன் பிரிட்டோ, ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியில் தன் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அது பிரிட்டோவுடையதல்ல, அவன் கட்டில்.

"நான் இன்னும் போகலடா."

"இடம் புடிச்சு வெக்கிறேன் மாப்ள. நீ போறவன், உனக்கென்ன." பிரிட்டோ அவன் முகத்தையே பார்த்தான். "ஆனா ஒண்ணுடா. கெடாவுக்கு மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிக்கிறதுக்கு முன்னாடி, இப்டித்தான் எல்லாரும் நல்லாப் பேசுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். பிரிட்டோ முதலில் நிறுத்தினான்.

ஊரில் அம்மா அவன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டாளாம். அப்பா தினமும் ஒரே கேள்வி.

"சொன்னாங்களாப்பா?"

"சொல்வாங்கப்பா."

அரசுக் கல்லூரிக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் ஒருநாள், உங்கள் காலேஜில் கேளுங்கள் என்றார். காலேஜில் கேட்டால், வந்தால் சொல்கிறோம், சாப்பிட்டீர்களா என்றார்கள்.

திங்கட்கிழமை.

வரிசையில் நின்றான். தாடி காதோடு காது சேர்ந்திருந்தது. செல்போனில் ஒன்றும் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து பியூன், கையில் சென்னைத் தபாலோடு, நிதானமாக நடந்து வந்தார். மேசையில் குனிந்து சாரிடம் ஏதோ சொல்லிவிட்டு, போகும் வழியில் அவனைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

குணசீலன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவன் கன்னம் வழுவழு. போனான்.

அவன் முறை.

போங்க தம்பி என்ற குரலுக்காகக் காத்திருந்தான். கால்கூட முன்னால் வைத்துவிட்டான்.

புறங்கை வந்தது.

அவசரமே இல்லாமல் வந்தது. காதோரத்தில் தொடங்கி, தாடை முனைவரை, தூசி துடைப்பது போல இறங்கியது.

டம்ளர் நகர்ந்தது.

உள்ளே இருந்த ரேசர் புதிது. உறைகூடப் பிரிக்கவில்லை.

பின்னால் பிரிட்டோ நின்றுகொண்டிருந்தான். தன் ஷூவையே பார்த்தான்.

அவன் ரேசர் உறையைப் பிரித்தான். கண்ணாடிக்கு முன்னால் போனான். முதல் இழுப்பில் பிளேடு முடியிலேயே சிக்கிக்கொண்டது.

"மெதுவாப் பண்ணுடா," என்றார் சார். "நமக்கு நெறைய நாள் இருக்கு."

பிறகு மேசைக்குப் பின்னாலிருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் போட்டு, உட்கார்ந்தார்.

முன்வரிசையில்.