செவலையின் வெண்ணெய்

"வெயில் இந்த வாசப்படியில ஏறுறதுக்குள்ள வெண்ணெய் திரளணும். இல்லேன்னா செவலை வண்டியில ஏறிடும்" என்றார் அவள் புருசன்.

வண்டியோடு வந்திருந்த மாட்டுத் தரகர் பல்லைக் குத்திக்கொண்டே தலையாட்டினார்.

அவள் தயிர்ப்பானையில் மத்தை இறக்கிக் கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். செவலை அவள் பதினோரு வருசம் கையால் தீனி வைத்து வளர்த்த மாடு. அதற்கு வயசாகிவிட்டது, பால் தண்ணீராகிவிட்டது, எதிர்வீட்டு எருமையின் கால்தூசி பெறாது என்று புருசன் ஒரு வாரமாகத் தெருவையே கூட்டிச் சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றிக்கொள்கிற ஆளும் இல்லை. அவள் அழுது, சாப்பிடாமல் கிடந்த பிறகு இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் இறங்கி வந்தார்.

அதிலும் சந்தேகம். அவள் எதையாவது கலந்துவிடுவாளாம். அதனால் நேற்று அவரே கறந்தார், அவரே காய்ச்சினார், அவரே உறை ஊற்றி அடுக்களையைப் பூட்டினார். சாவி விடியும்வரை அவர் இடுப்பில்.

மத்து சுழன்றது. நுரைதான் வந்தது. வெயில் முற்றத்தைத் தாண்டியது.

"வெறும் நுரைதான்மா" என்று தரகர் எழுந்து மாட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"உக்காருய்யா. வெயில் இன்னும் படிக்கு வரல" என்றார் அவர் வெடுக்கென்று.

அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பானையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஏறியிருந்தது. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வேண்டும் என்றாள். ஏமாத்து வேலை ஏதும் வேண்டாம் என்று திட்டிக்கொண்டே அவரே கிணற்றடிக்கு ஓடி, ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார்.

வெயில் படியின் விளிம்பைத் தொட்டபோது பானையின் சத்தம் மாறியது. சளசளப்பு அடங்கி, பொத் பொத்தென்று கனத்தது. அவள் கையை விட்டு அள்ளினாள். ஒரு தேங்காய் மூடி அளவுக்கு உருண்டை!

"அண்ணே, நீங்க கிளம்பலாம்" என்றாள் தரகரிடம், சிரிப்பும் மூச்சிரைப்புமாக.

தரகர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

"ஏதோ தப்பிச்சுது சனியன்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார்.

அவள் உருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேர் என்று இருந்தது. செவலையின் வெண்ணெய் என்றைக்கும் மஞ்சள். இப்படி வெளுப்பது எதிர்வீட்டு எருமைப்பால்தான். பூட்டிய அடுக்களைக்குச் சாவியோ அவர் ஒருத்தரிடம்தான் இருந்தது.