செம்பருத்திச் சாறு

“செம்பருத்திப் பூச்சாறு எல்லாரும் குடிக்கலாங்களா?”

“உடம்புச் சூட்டுக்கு நல்லதும்மா. முழுகாம இருக்கறவங்க மட்டும் தொடக்கூடாது. நீ எப்படி?”

“ஐயே, கல்யாணமாகி ரெண்டு மாசந்தாங்க ஆவுது.”

வானூர் சித்த வைத்தியரிடம் அப்படிச் சொன்னபோது தமிழ்நிலாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்திலேயே மாமியார் அம்சவள்ளி நின்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து, மரக்காணம் உப்பளத்தில் வெந்து திரும்பும் மாமியாருக்காகப் பூப்பறித்துச் சாறு பிழிந்து வைத்தாள். செடியை வைத்ததே அம்சவள்ளிதான். வருடக்கணக்காக அந்தப் பூவை அப்படியே மென்று தின்றவள், இப்போது ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒருநாள் சளி என்றாள், மறுநாள் பசியில்லை என்றாள். பத்தாம் நாள் சாற்றை வாழைக்கு ஊற்றும்போது மருமகளிடம் மாட்டிக்கொண்டாள்.

“நான் குடுத்தா தொண்டையில எறங்காதா அத்தை? என்னைப் புடிக்கலன்னா நேராவே சொல்லிடுங்க.”

“அடிப் பைத்தியமே, உன்னைப் புடிக்காம என்ன? பத்து நாளா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது. வெக்கமா இருக்குது.”

“எங்கிட்ட என்னா வெக்கம்? கேளுங்க.”

நாற்பது வயது அம்சவள்ளி, காலி டம்ளரை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, வாழையிடம் பேசுவதுபோல முணுமுணுத்தாள்.

“வைத்தியர் உன்னைக் கேட்டதை என்னைக் கேட்டிருக்கணும்டி. உன் மாமனாருக்கு மட்டுந்தான் தெரியும், உன் புருசன் காதுல இப்ப போட்டுடாத. நாளைக்குப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு எனக்குத் தொணையா வர்றியா?”