சட்டைப் பையில் ஒரு தாள்

இன்றும் வந்துவிட்டான்.

படலை திறந்த சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்தது, றெஜிதான். கூடப் படித்தவன். இவன் கனடாவிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து இறங்கிய நாள் முதல் றெஜி ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் நண்டு. ஒரு நாள் முருங்கைக்காய். ஒரு நாள் வெறுங்கை. அன்றைக்குத்தான் அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

சும்மா யார் வருகிறார்கள்?

பத்தொன்பது வருடம் கழித்து ஊருக்கு வந்தவனை யாரும் சும்மா பார்க்க வரவில்லை. ஒருவர் மகனை அங்கே எடுக்க வழி கேட்டார். இன்னொருவர் மகளுக்கு அங்கே மாப்பிள்ளை கேட்டார். எல்லோரும் முதல் தேத்தண்ணி முடியுமுன் கேட்டுவிட்டார்கள். அவர்களைச் சமாளிக்கலாம்.

றெஜி கேட்கவில்லை. இரண்டு கிழமையாக ஏதோ ஒன்றுக்கு அடிபோடுகிறான்.

"பிள்ளையை ஒருக்கா வந்து பாரன்" என்று மட்டும் போகும்போது சொல்வான்.

றெஜிக்குக் கலியாணம் கட்டிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பார்க்க ஆசைதான். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் றெஜியின் மனைவி பிள்ளையைத் தூக்கி இவன் மடியில் வைப்பாள். அப்போது றெஜி கேட்பான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டுச் சொல்லிக் கழன்றுகொண்டான்.

இன்று றெஜி சாரத்தில் வரவில்லை. காற்சட்டை, மினுக்கிய சட்டை. சட்டைப் பையில் நாலாக மடித்த தாள்.

கதிரை நுனியில் இருந்தபடி றெஜி கையைப் பைக்குக் கொண்டுபோனான். வெறுங்கையாக எடுத்தான். பிறகும் கொண்டுபோனான்.

விண்ணப்பம். வேறென்ன. குடும்பத்தோடு அங்கே வரப் பார்க்கிறான்.

"மச்சான், உன்னட்ட ஒண்டு..."

அவன் முந்திக்கொண்டான்.

"நீ கேக்கப்போறது எனக்குத் தெரியும், றெஜி. என்னால ஏலாது. குறை நினைக்காதை."

றெஜி பையிலிருந்து கையை இறக்கினான்.

"தெரியுமோ" என்றான். "சரி மச்சான். அதுக்கென்ன."

எழுந்து போய்விட்டான்.

அவனுக்கு நெஞ்சு லேசானது. திங்கட்கிழமை விமானம். இனித் தப்பினான்.

யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தான். றெஜி சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் எதிர் வீட்டு வாசலில் நின்றான். மத்தியாஸ் அண்ணை மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் பாரிசில்.

தாள் வெளியே வந்தது.

பார், அடுத்த ஆளைப் பிடித்துவிட்டான்.

மத்தியாஸ் அண்ணை ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். வாசித்தார். பிறகு றெஜியைக் கட்டிப் பிடித்தார்.

ஏமாந்த மனிதர். அவனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அக்கா இரண்டு தேத்தண்ணியோடு வந்தாள். வெறும் கதிரையைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள போயிட்டானோ? கேட்டவன்தானே? நாளைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். உன்னைத்தான் ஞானத்தகப்பனா நிப்பாட்டோணும் எண்டு, நீ வாறமட்டும் தள்ளிவைச்சவன். தானே கேக்கோணுமாம், என்னை வாய் திறக்க விடேல்லை. கையெழுத்து வாங்கி இண்டைக்குத் தாளைப் பாதரிட்டக் குடுக்கோணும்."

அவன் தேத்தண்ணியை வாங்கவில்லை. வெட்கம் காதுவரை ஏறியது.

தெருவில் றெஜி தனியே நின்றான். தாளைச் சைக்கிள் இருக்கையில் விரித்துப் பிடித்திருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியாஸ் அண்ணை பேனை எடுக்க உள்ளே போயிருந்தார்.

இன்னும் வரவில்லை.