மூன்றாவது கை

குன்னூரில் அரசு விடுதிக்கு இட்லி கொடுக்கும் தெரசா ஆன்லைனில் ஏற்றிய பில் திரும்பி வந்தது. உணவைத் தொட்ட ஒவ்வொரு கையும் பெயரோடு பில்லில் இருக்க வேண்டும் என்பது விதி. விடுதியின் சோதனைக் கருவி மாவில் கண்டது மூன்று கைகள், பில்லில் இரண்டு.

“நம்ம ரெண்டு பேருதானே அண்ணி தொட்டோம்?” என்றாள் நாத்தனார் லில்லி.

தெரசா பழைய மாவுக் கிண்ணத்தைப் பார்த்தாள். மலைக்குளிரில் மாவு பொங்குவதற்காக, தினமும் முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி கலப்பார்கள். முதல் மாவைக் கரைத்தவர் அவள் கணவர் இருதயராஜ். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

“அண்ணன் கை,” என்றாள் லில்லி மெல்ல. “செத்தவங்க பேரப் போட முடியாதே அண்ணி.”

தெரசா கிண்ணத்தைக் கொட்டிக் கழுவினாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்தது கடைசியாகத்தான் போனது.

புது மாவுக்குப் பில் உடனே ஏறியது. கைகள் இரண்டு.

விடிந்து பார்த்தபோது மாவு பொங்கவே இல்லை.