ஒரு 'ம்' போதும்

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் 'சம்மதம்' சொல்வது தொல்லை என்று எல்லோரும் சலித்துக்கொண்டதால், இனி வீட்டுக் கணினிக்கு ஒரு 'ம்' போதும் என்று கம்பெனி மாற்றிவிட்டது.

அன்று உள்ளறையில் கணவர் மூச்சுக் கருவியோடு படுத்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல, சகாயராணி சமைத்தபடியே ம் கொட்டிக்கொண்டிருந்தாள். "ஐயாவின் மூச்சுக் கருவி அலாரத்தை நிறுத்தவா?" என்று கணினி இடையில் கேட்டது அவள் காதில் விழவில்லை. அடுத்த 'ம்'மில் அலாரம் அடங்கியது.

கணவரை அடக்கம் செய்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"நீங்க 'ம்'னு சொன்ன பதிவு இருக்கு மேடம்."

"அது எம் பிள்ளைகிட்ட சொன்னதுய்யா. கதை சொன்னா ம் கொட்ட மாட்டாங்களா? உங்க வீட்டுல யாரும் பேசிக்கிறதே இல்லையா?"

"உங்க வருத்தம் புரியுது மேடம். புகாரை முடிச்சிரலாமா?"

ஆத்திரத்தோடு திட்ட வாயெடுத்தவளுக்கு, மூடிய உதட்டுக்குள் விம்மல்தான் 'ம்' என்று முட்டியது.

"நன்றி மேடம். முடிச்சுட்டோம்."