ஆடாத ஆள்

தான் கரித்துண்டைக் கையில் எடுத்தால் போதும், பாடையில் கிடக்கிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்றாள் அவள்.

போனின் மறுமுனையில் நாத்தனார் பூரணி.

நடந்தது இவ்வளவுதான். காலையில் வீட்டுக்காரரை வரைந்துகொண்டிருந்தாள். அவருடைய வலது கை அசைந்தது. படம் பாழாய்ப்போனது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை மடியில் கிடக்கிறது, பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன பை மாதிரி. பேச்சும் போய்விட்டது. பிசியோதெரபிக்காரர் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டார். ஒரு அசைவாவது தெரிந்தால் மறுபடி அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தெரிந்தது.

ஆனால் அவள் சொல்லி யார் நம்புவது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில், பாதி இந்தியாவை மற்றப் பாதியோடு பேச வைத்ததே தான்தான் என்பாள். அவள் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தான் குடும்பமே காது கொடுக்கும்.

பூரணி சொன்னால் வேறு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையரானவள். அவள் குரல் கேட்டால் டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

சாயங்காலம் வருகிறேன் என்று பூரணி போனை வைத்தாள்.

படம் வரைவது அவளுக்குப் புதுசு. யூடியூபில் ஒரு வாத்தியார். முகத்தைத் தொடாதே, விரலை எண்ணாதே என்பார். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது, அதை மட்டும் ஒரே இழுப்பில் பிடி. அரை நிமிஷம். அடுத்த தாள்.

தெருவில் போகிறவர்களை வரைய உட்கார்ந்த அவளோ கண்ணிலிருந்துதான் ஆரம்பித்தாள். ஒரு கண் முடிவதற்குள் மீன்காரி தெருவைத் தாண்டிவிடுவாள். மீதி உடம்பை அவள் இஷ்டத்துக்கு ஒட்டவைப்பாள். அவள் வரைந்த ஆட்கள் காகிதத்தை விட்டு இறங்கி நடந்திருந்தால் பாளையங்கோட்டை நாய்கள் அத்தனையும் ஊரைக் காலி செய்திருக்கும்.

பிறகு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

ஆடாத ஆள். இப்படியொரு மாடல் பாரிஸ்காரனுக்குக்கூட வாய்க்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சிரித்தாள்.

சிரிப்பு வாயில் மட்டும் நடந்தது.

பூரணி வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அண்ணனின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள். விழுந்தது. நகத்தால் உள்ளங்கையைக் கீறினாள். கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்து விரல் நுனியில் குத்தினாள்.

ஒன்றுமில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசை இருந்தால் கண்ணுக்கு அப்படித் தெரியத்தான் செய்யும் மதினி என்று பூரணி தணிந்த குரலில் சொன்னாள். வார்டில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாளாம். டாக்டரிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம் என்றாள்.

கோபம் வரவேண்டிய இடம் அது.

வரவில்லை. அழுகையும் வரவில்லை. காபி கலந்து கொண்டுவந்தாள். சர்க்கரை போட்டோமா என்று தெரியவில்லை. பூரணியும் கேட்காமல் குடித்தாள்.

குடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். சோதிக்க இல்லை. சும்மா.

அவள் ஒரு தாளை எடுத்தாள். செய்ய வேறு எதுவும் இல்லை. அசையாமல் இருக்கச் சொன்னாள். பாவம், இதுவாவது செய்வோம் என்பதுபோல பூரணி தலையாட்டினாள்.

சாய்ந்த தோளிலிருந்து கோடு புறப்பட்டது. இறங்கியது. முழங்கையில் திரும்பியது. ஒரு கையின் பாரம் இன்னொரு கைக்குள் இறங்கும் இடத்துக்கு வந்து நின்றது.

நல்ல கோடு. வேறு நாளாயிருந்தால் இந்தக் கோட்டுக்கு ஆற்றங்கரையில் சிலை வைக்கச் சொல்லியிருப்பாள்.

நிமிர்ந்தாள்.

கைகள் இருந்த இடத்தில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளியிருந்தன.

தாளைப் பார்த்தாள். மறுபடி கைகளைப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட உன்னால் சும்மா இருக்க முடியாதா பூரணி என்று கேட்டாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த தாளைத் திருப்பினாள்.

பூரணி கையை எடுக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஆடலை மதினி," என்றாள். "அண்ணன்தான்."